காகம் நடக்குமா, தத்துமா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை இயற்கைக் கல்விக்கென ஒதுக்கி, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகள் நூறு பறவைகளையாவது படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும்படி செய்துவிட வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு ஏற்ற படநூல் எது? எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இருநோக்கி (பைனாகுலர்) தரலாமா? பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளை வகுப்பில் பயன்படுத்தலாமா? ஒருமுறையாவது அவர்களைச் சரணாலயம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் எங்கள் பள்ளியைச் சுற்றிப் பறவைகளே இல்லை, காகமும் மைனாவும்தான் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் பறவையியல் அறிஞர் சலீம் அலியைப் போல் ஒருவர் உருவாகிவிட மாட்டாரா என்று சில நேரம் கனவு காண்கிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில், என் சாளரத்துக்கு எதிரே உள்ள மரத்தில் ஒரு காக இணை இரண்டாவது வாரமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ கொண்டுவந்த கம்பித் துண்டு ஒன்றைச் சுள்ளிகளுக்கு நடுவே செருக அவற்றில் ஒன்று பட்ட பாட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். "பறவைகளே இல்லை, காகமும் மைனாவும்தான் இருக்கின்றன" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இருநோக்கி வேண்டாம், எட்டு வயதுக் குழந்தை அதற்குள் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் பறவை பறந்திருக்கும், அடுத்த முறை யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும். செயலி உங்கள் கையில் இருக்கட்டும், வகுப்புக்குள் வர வேண்டாம். படநூல் எதுவானாலும் சரி, உங்கள் பகுதியின் பறவைகள் அதில் இருந்தால் போதும். சரணாலயத்துக்கு ஆண்டின் கடைசியில் போங்கள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா, ஆனால் இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆசிரியையே காகத்தைப் பறவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இயற்கை என்பது எங்கோ தொலைவில், பேருந்து பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்தில் இருப்பது என்று உங்கள் பிள்ளைகள் எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்காமலேயே கற்றுக்கொள்ளும் பாடம் அது. பிறகு எத்தனை நூல்களைக் காட்டினாலும் அதை அழிப்பது கடினம்.

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது எங்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். பறவையியல் படித்தவர் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைதோறும் கரும்பலகையின் மூலையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். முதல் கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: காகம் நடக்குமா, தத்துமா? பிறந்த நாள் முதல் காகத்தைப் பார்த்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பாதி வகுப்பு நடக்கும் என்றது, பாதி வகுப்பு தத்தும் என்றது. ஐந்து நாள்கள் இடைவேளையில் விளையாடாமல் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அது இரண்டும் செய்யும் என்று கண்டுபிடித்தோம்: நிதானமாக இருக்கும்போது ஓரடி ஈரடியாக நடக்கிறது, அவசரம் வந்தால் தத்துகிறது. அதோடு எங்கள் கண் நிற்கவில்லை. சிட்டுக்குருவி இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத் தத்துவதையும், மைனா நடந்தே போவதையும் அதே வாரத்தில் நாங்களாகவே பார்த்துவிட்டோம். அடுத்த வாரக் கேள்வி, காகம் தண்ணீர் குடிப்பது போலவேதான் புறாவும் குடிக்கிறதா என்பது. காகம் அலகில் நீரை மொண்டு, தலையை மேலே தூக்கி விழுங்கும். புறா அலகை நீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். இதை ஒரு சிறுமி கண்டுபிடித்து வகுப்பில் சொன்னபோது ஆசிரியர் எழுந்து நின்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் கண்முன் இருக்கிறது.

அந்த ஆண்டிலேயே ஒரு நாள் பெருங்காற்றில், சிறகு முளைத்தும் பறக்கப் பழகாத காகக் குஞ்சு ஒன்று தரையில் விழுந்து கிடந்தது. இரக்கத்தால் ஓடிப்போய் அதை எடுக்கக் குனிந்தேன். தாயோ தந்தையோ பாய்ந்து வந்து என் தலையில் ஓங்கி அடித்துவிட்டுப் போனது. நான் அழுதேன். ஆசிரியர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் பின்னுக்கு அழைத்துச் சென்று, அரைமணி நேரம் பேசாமல் பார்க்கச் சொன்னார். இரண்டு காகங்களும் மாறி மாறி இறங்கி வந்து, தரையில் இருந்த குஞ்சுக்கு இரை ஊட்டின. இறகு முளைத்த குஞ்சு தரையில் இருந்தால் பெரும்பாலும் அது கைவிடப்பட்டதில்லை என்பதையும், விலகி நிற்பதே நாம் செய்யக்கூடிய உதவி என்பதையும் அன்று கற்றேன். அதன் பிறகு பல நாள்கள் அந்தக் காகங்கள் என்னை மட்டும் விரட்டின. தற்செயல் என்றார்கள் வீட்டில். அது தற்செயல் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் செய்த சோதனையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 2006இல் அவரும் குழுவினரும் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, அடையாள வளையமிட்டு விடுவித்தார்கள். அதன் பிறகு அந்த முகமூடியை யார் அணிந்து வந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் அதைக் கற்றுக்கொண்டன. ஆண்டுகள் கடந்தும் அவை மறக்கவில்லை. அது வேறு வகைக் காகம் என்றாலும், எட்டு வயதில் என் தலையில் விழுந்த அடிக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு காகத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியத் தெரியாது. அந்தக் காகங்களோ உங்கள் பிள்ளைகளின் முகங்களை அறிந்து வைத்திருக்கக் கூடும். இதை மட்டும் வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

சலீம் அலியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 1896இல் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்ட பறவை, பார்வைக்குச் சிட்டுக்குருவி போன்றது. தொண்டையில் மட்டும் மஞ்சள் தீற்றல் இருந்தது. சாதாரணச் சிட்டுக்குருவியை நன்றாகப் பார்த்திருந்த கண்ணுக்குத்தான் அந்த மஞ்சள் உறுத்தும். அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன சிறுவனைச் செயலாளர் மில்லார்ட் விரட்டிவிடவில்லை. அவனுடைய கேள்வியை மதித்து, பறவை இன்னதென்று சொல்லி, கழகம் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். மருத்துவத்துக்கான 1973ஆம் ஆண்டு நோபல் பரிசையும் நினைத்துப் பாருங்கள். அதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஃபிரிஷ் தேனீக்களைப் பார்த்தவர். லாரன்ஸ் வாத்துகளையும் காக இனத்துப் பறவைகளையும் பார்த்தவர். டின்பெர்கன், கடற்கரையில் எங்கும் திரியும் கடற்காகம் என்ற கடற்பறவையின் குஞ்சு, தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தித்தான் இரை கேட்கிறது என்று காட்டியவர். மூவரும் அரிய உயிர் எதையும் தேடி அலையவில்லை.

நூறு பெயர்கள் என்ற இலக்கை விட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயரே தெரியாமல் பறவையை நேசிக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெயர் தெரியாத மனிதரிடம் நாம் எவ்வளவு நாள் அன்பாக இருந்துவிடுவோம்? ஆனால் பார்த்த பிறகு பெயர் வர வேண்டும். நம் மொழியில் பறவைப் பெயர்கள் பலவும், எவரோ நெடுங்காலம் பார்த்துவிட்டுச் சொன்ன ஒற்றைச் சொல் குறிப்புகள். தவிட்டுக்குருவிக்குத் தவிட்டு நிறம். வாலாட்டிக்கு வால் ஓயாது. மனித நடமாட்டம் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. மாட்டின் உண்ணியைப் பிடித்துத் தின்பது உண்ணிக்கொக்கு. நத்தையின் ஓட்டிலிருந்து சதையை எடுப்பது நத்தைக்குத்தி நாரை. வாலாட்டியின் வால் ஆடுவதைப் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும், நான்கு நாள் அவர்களாகவே ஒரு பெயர் வைத்து அழைக்கட்டும், பிறகு வாலாட்டி என்று சொல்லுங்கள். அதை எந்தத் தேர்வுக்காகவும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

காகத்தைப் பார்க்கத் தொடங்கினால் குயில் தானாக வந்து சேரும். காகங்கள் ஏன் அந்தக் கரிய, சிவந்த கண் கொண்ட பறவையை விரட்டுகின்றன என்று ஒரு பிள்ளை கேட்கும் நாள் வரும். அப்போது கூட்டைக் காட்டுங்கள். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுவதையும், காகம் அந்தக் குஞ்சைத் தன் குஞ்சுகளோடு சேர்த்து ஊட்டி வளர்ப்பதையும் சொல்லுங்கள். பாடும் குயிலைப் பெண்ணாக்கிப் பாடிப் பழகியவர்கள் நாம். கூவுவது கரிய ஆண், வெண்புள்ளிகள் தெளித்த பழுப்பு நிறப் பறவை பெண் என்பதை உங்கள் பிள்ளைகளாவது கண்ணால் பார்த்து அறியட்டும்.

வரும் திங்கட்கிழமை கரும்பலகையின் மூலையில் அந்தக் கேள்வியை எழுதுங்கள். விடையை நான் மேலே எழுதிவிட்டேன், ஆனால் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வரை நீங்களும் அவர்களோடு மரத்தடியில் உட்காருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், தவறான விடைகளையும் விட்டுவிடாமல்.

அன்புடன்.