அதிகம் குத்தியவர் ஏன் தோற்றார்?

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் அனைத்துலக அமெச்சூர் குத்துச்சண்டை பார்த்தேன், விடாமல் குத்தியவர் 2-3 என்று தோற்றுவிட்டாரே என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

அந்த 2-3 குத்துகளின் கணக்கு இல்லை, நடுவர்களின் கணக்கு. ஐந்து பேரில் மூவர் எதிராளி வென்றதாகக் கண்டார்கள், அவ்வளவுதான். ஆட்டம் 3 நிமிடம் வீதம் 3 சுற்று. ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளி கொடுப்பார். முதல் இரண்டு சுற்றையும் நூலிழையில் விட்டவர் கடைசிச் சுற்றில் புயலாக ஆடினாலும் 28-29தான்.

அடுத்து, எது குத்து என்பது. கையுறையின் முட்டிப் பக்கம் முகத்தின் முன்னாலோ பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேல் உடம்பிலோ சுத்தமாகப் பட வேண்டும். 'டப் டப்' என்று சத்தம் வரும், கூட்டம் கத்தும். உற்றுப் பாருங்கள், பாதிக் குத்து எதிராளியின் முன்கையில் விழுந்திருக்கும். அதற்கு மதிப்பே இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

1998இல் நம் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினாரே சாபோக் பிக்கி, அந்த ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள்.