"நாளைக்கு போயா" எண்டா வருவாரோ, மாட்டாரோ?

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வீட்டுக் கூரை ஒழுகுதாம், மேசன் அண்ணையிட்ட "நாளைக்கு வருவீங்களோ" எண்டு கேட்க அவர் "நாளைக்கு போயா தங்கச்சி" எண்டிருக்கிறார், போயா எண்டா பௌர்ணமி லீவு, இவ லீவு நாள்தானே ஆறுதலா வந்து செய்வார் எண்டு நினைச்சு நாள் முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா, ஆள் வரேல்ல. பிறகு கேட்டா "நான்தான் சொன்னனே" எண்டுறாராம். அவர் எங்க சொன்னவர், வாயால சொல்லாததை எப்பிடி விளங்கிறது எண்டதுதான் கேள்வி.

உங்களில பிழை இல்ல தங்கச்சி. அவர் சொன்ன சொல்லுக்குள்ள "வரமாட்டன்" இல்லத்தான், அதை நீங்களா சேத்து விளங்குவீங்க எண்டு விட்டிட்டார்.

போல் கிரைஸ் எண்ட தத்துவ அறிஞர் 1967ல ஹார்வர்ட்ல செய்த விரிவுரையில இதைத்தான் விளக்கினவர். தேவையான அளவு சொல்லுறது, உண்மையைச் சொல்லுறது, கேட்டதுக்குப் பொருத்தமாச் சொல்லுறது, தெளிவாச் சொல்லுறது, இந்த நாலையும் மற்றாள் காப்பாத்துறார் எண்ட நம்பிக்கையிலதான் நாங்க கதைக்கிறம். அதால பொருந்தாத மாதிரி ஒரு பதில் வந்தா "இவர் இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறார்" எண்டு பாக்கவேணும். நாளைக்கு போயா எண்டது கலண்டர்ல இருக்கு, உங்களுக்கும் தெரியும், பிறகேன் சொன்னவர்? வராததுக்குக் காரணமாத்தான்.

எங்கட நன்னூல் இதை 13ஆம் நூற்றாண்டிலயே தொட்டிருக்கு, எனக்கு அதில பெரிய சந்தோசம். விடை எட்டு வகை எண்டு சொல்லுது. "இதைச் செய்வியா" எண்டு கேட்டா "உடம்பு நோகுது" எண்டுறது உற்றது உரைத்தல், அதாவது தனக்கு வந்ததைச் சொல்லுறது, "கை நோகும்" எண்டுறது உறுவது கூறல், அதாவது இனி வரப்போறதைச் சொல்லுறது. நேரா இல்ல எண்டு சொல்லாட்டியும் பொருளால அதுகளும் விடைதான் எண்டு பவணந்தி ஏற்றுக்கொள்ளுறார்.

மீன் சந்தையில பாருங்க. "எல்லாம் இண்டைக்கு வந்ததோ" எண்டு அம்மா கேட்பா, "பாரை இண்டைக்கு வந்தது அக்கா" எண்டுவார் கடைக்காரர், அம்மா சூரையில வைச்ச கையை எடுத்திடுவா. சூரை பழசு எண்டு அவர் ஒரு சொல் சொல்லேல்ல, ஆனா எல்லாம் புதுசெண்டா எல்லாம் எண்டுதானே சொல்லியிருப்பார். அதே ஆள் "பாரை இண்டைக்கு வந்தது, சூரையும் அப்பிடித்தான்" எண்டு சேத்தா அந்தக் குறிப்பு அப்பிடியே அழிஞ்சிடும், ஆனா முதல் சொன்னது பொய்யாகாது. சொல்லாம உணர்த்துற குறிப்புப் பொருளின்ர அடையாளமே இதுதான், முரண்படாம அழிக்கலாம். உங்களுக்கு உதவுறதும் இதுதான், திருப்பிக் கேட்டா அவர் அந்தக் குறிப்பை உறுதிப்படுத்தலாம், இல்லாட்டி அழிக்கலாம்.

ஏன் பச்சையா "மாட்டன்" எண்டு சொல்லேல்ல எண்டா, முகத்தை முறிக்கக்கூடாது எண்டுதான். பிரவுண், லெவின்சன் எண்ட ரெண்டு பேர் 1978ல மரியாதையைப் பற்றி எழுதின ஆய்வுக்கு கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழையும் எடுத்தவை. "பாப்பம்" எண்டதும் இந்தச் சாதிதான், அநேகமா இல்ல எண்டுதான் எடுக்கவேணும்.

அடுத்த முறை குறிப்பு விளங்காட்டி அதிலயே ஒரு வசனம் திருப்பிக் கேளுங்க: "அப்ப நாளைக்கு இல்ல, நாளண்டைக்கு எத்தினை மணிக்கு அண்ணை?" அதில மரியாதைக்குறைவு ஒண்டும் இல்ல, அவருக்கும் லேசு. மணி சொன்னா காத்திருங்க. "பாப்பம்" எண்டா ஐப்பசி மழை தொடங்க முந்தி வேற மேசனைப் பிடியுங்க.