ஆசிரியருக்கு ஒரு முகப்புப் பக்கம்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். துறைச் சுற்றறிக்கைகள், அறிவியல் செய்திகள், காலை வணக்கப் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் கலந்தே வருவதால், தேவையானவை கண்ணில் படாமல் போகின்றன. வேண்டிய தளங்களின் புதிய செய்திகளை ஒரே பக்கத்தில் காட்டும் வசதி முன்பு கூகுளில் இருந்ததே, இப்போதும் உண்டா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: 2005-இல் தொடங்கி, பின்னர் ஐகூகுள் என்று பெயர் பெற்ற அந்தச் சேவை 2013 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. இன்று அவ்வேலைக்கு, ஒவ்வொரு தளத்தின் செய்திகளையும் ஒரே பக்கத்தில் தனித்தனிக் கட்டமாகக் காட்டும் ஸ்டார்ட்.மீ, புரோட்டோபேஜ் ஆகிய தளங்கள் உள்ளன. கட்டம் கட்டமாக இல்லாமல் பட்டியலாகப் படிப்பதே போதுமெனில் ஃபீட்லி, இனோரீடர் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்க, நீங்கள் அமைத்த பக்கம் அதனை அவ்வப்போது படித்து வந்து காட்டுகிறது. வேர்ட்பிரஸ், பிளாக்கர் வலைப்பூக்களில் இவ்வோடை தானாகவே அமைந்துவிடுவதால், சக ஆசிரியர்கள் எழுதும் வலைப்பூவின் முகவரியை மட்டும் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். யூடியூப் அலைவரிசைகளையும் அவ்வாறே சேர்க்கலாம். 1995 முதல் நாசா நாள்தோறும் வெளியிடும் வானியல் படத்தை ஒரு கட்டத்தில் வைத்தால் வகுப்பைத் தொடங்க அது உதவும். ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதால், வானியலை நம் பகுதி மாணவர்க்கு அயலான பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

துறைத் தளங்களில் ஓடையைப் பெரிதும் எதிர்பார்க்க இயலாது. ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககம், ஆசிரியர் தேர்வு வாரியம், பாட வளங்கள் கொண்ட அரசுத் தளமான திக்‌ஷா ஆகியவற்றின் சுட்டிகளைத் தனிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு நேரில் சென்று பார்ப்பதே முறை. குழுவில் வரும் சுற்றறிக்கையின் கோப்பு எண்ணான ந.க. எண்ணையும் நாளையும் அங்கேயே ஒப்பிட்டுவிடலாம். (பாதி வதந்திகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.)

தொடக்கத்தில் பத்துக்குட்பட்ட தளங்களையே சேருங்கள். ஒரு மாதமாகத் திறந்தே பாராத கட்டத்தைத் தயங்காமல் நீக்குங்கள். உலாவியின் அமைப்புகளில் இப்பக்கத்தைத் தொடக்கப் பக்கமாக வைக்கலாம். பள்ளியின் பொதுக் கணினியாயின், பார்த்து முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தின் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்க வேண்டாம்.