கொருக்குப்பேட்டை அப்பாவுக்கு: பையன் ராத்திரி முழுக்க என்ன செய்கிறான்?

வணக்கம் அண்ணே.

கடிதம் கிடைத்தது. பையன் மூன்றாம் வருஷம் ஈ.சி.ஈ., ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறான், கேட்டால் "யாரோ எழுதின சி புரோகிராம் கோடில் தப்பு பார்க்கிறேன் நைனா" என்கிறான், பைசா வருமானம் இல்லை, எதிர்வீட்டுப் பையன் போனில் ஆப் செய்து காட்டுகிறான், இவனிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ரயில்வே பரீட்சைக்குப் படி என்றால் முறைக்கிறான் என்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன், நம்ம தம்பி, தண்டையார்பேட்டைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தான். ரெண்டு மணி நேரம் பேசினோம். நீங்கள் முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனாக இருந்தவர் என்று அவன் சொன்னதும் எனக்கு நிம்மதி. அவன் பார்க்கும் வேலையை இந்தப் பேட்டையில் உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் யாரும் இருக்க முடியாது.

கம்ப்யூட்டரில் மெமரி என்று ஒரு பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் கோடிக்கணக்கில் சின்னச் சின்ன இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூஜ்யம். அதைத்தான் பிட் என்பார்கள். சில சமயம் ஒன்று பூஜ்யமாகப் புரண்டுவிடும். சில்லு பழசாகி இருக்கலாம், வானத்திலிருந்து வரும் கதிர்த்துகள் பட்டிருக்கலாம். சர்வர்களில் இதைப் பிடிக்கவே, 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல் வைப்பார்கள். ஒரு பிட் புரண்டால் அந்தக் காவலே திருத்திவிடும். ரெண்டு பிட் புரண்டால் திருத்த முடியாது, கண்டுபிடித்துச் சொல்ல மட்டும் முடியும். அபூர்வமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கும் மேலான மெமரி பலகைகளில் ஒரு தடவையாவது திருத்தக்கூடிய பிழை வந்திருந்தது.

பிழை வந்தால் மட்டும் போதாது. எங்கே வந்தது, எவ்வளவு மோசம் என்று மேலே சொல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சேதியைச் சொல்லும் சி கோடைத்தான் தம்பி படிக்கிறான். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. 2019-ல் வந்த சி.எக்ஸ்.எல். என்ற புது இணைப்பு முறையில் இயங்கும் மெமரிக் கருவிகள், நடந்த பிழைகளைத் தாங்களே ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். கருவியோடு பேசும் மென்பொருளான டிரைவர் போய் அதைப் படித்து, மேலே தெரிவித்து, அப்புறம்தான் பதிவேட்டிலிருந்து அழிக்க வேண்டும். தெரிவிக்கும் முன்னாலேயே அழித்தால் சேதி போச்சு. அழிக்கவே மறந்தால் பதிவேடு நிரம்பி வழியும், அடுத்து வரும் பிழைகளை எழுத இடம் இருக்காது.

நீங்கள் உங்கள் பீட்டில் நடந்து, தண்டவாளத்தில் விரிசல் கண்ட இடத்தை எந்தக் கிலோமீட்டர், எந்த மாஸ்ட் (மின்கம்பம்) என்று சொன்னால்தானே பழுது பார்க்கும் கேங் அங்கே போகும்? நம்பரை மாற்றிச் சொன்னால்?

தம்பி கண்டுபிடித்தது அதைத்தான். மெமரி முகவரிகள் 64 பைட் 64 பைட்டாக அடுக்கியிருப்பதால் கடைசி 6 பிட் சும்மா கிடக்கும். அந்த இடத்தில் வேறு குறிப்புகளைச் செருகி வைப்பார்கள். முகவரி மட்டும் வேண்டுமென்றால் 63-ன் பிட்களைத் தலைகீழாக்கி அந்த ஆறை மறைக்க வேண்டும். அவன் பார்த்த கோடில் 63-க்குப் பின்னால் 'யூ' என்று ஒரே ஒரு எழுத்து ஒட்டியிருந்தது. அதனால் அது 32 பிட் எண்ணாகிவிட்டது. முகவரியோ 64 பிட். மறைத்தபோது கீழே 6 பிட்டோடு மேலே பாதி முகவரியும் சேர்ந்து பூஜ்யமாகிவிட்டது. 5 ஜி.பி. தூரத்தில் நடந்த பிழையை 1 ஜி.பி.யில் நடந்ததாக அது சொல்லும். நல்ல இடத்தை மூடிவிட்டுக் கெட்ட இடத்தில் வண்டியை ஓட விடுவார்கள். 4 ஜி.பி.க்குள் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கடைசி வரை எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

நான் ஒரு கம்பெனியில் இருந்தபோது இதே மாதிரி தப்பான சேதியை நம்பி மூன்று நல்ல மெமரி பலகைகளைக் கழற்றிப் போட்டோம். கெட்டது நாலாவது ஸ்லாட்டில் சுகமாக உட்கார்ந்திருந்தது. அதனால் தம்பி அந்த 'யூ'வைக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

தம்பி செய்கிற மாதிரி அடுத்தவர் கோடில் தப்பு பார்ப்பதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். அது தனியாக ஒரு உத்தியோகம் கிடையாது. புதிதாக வருபவனை அதற்கென்று யாரும் எடுக்க மாட்டார்கள். எடுப்பது ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), டிவைஸ் டிரைவர், ஸ்டோரேஜ், சர்வர் பிளாட்ஃபார்ம் வேலைகளுக்கு. அங்கே போனால் தினமும் பாதி நேரம் அடுத்தவர் கோடைப் படிப்பதில்தான் போகும். இந்த வேலைகள் பெங்களூரு, ஹைதராபாத்தில் அதிகம், சென்னையில் அதைவிடக் குறைவு. கேம்பஸில் கொத்தாக ஆள் எடுக்கும் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் இடங்களும் குறைவுதான். அதனால் கேம்பஸ் வாய்ப்பு வந்தால் அவன் மறுக்கக் கூடாது என்று அவனிடமே சொல்லிவிட்டேன். ரயில்வே பரீட்சையையும் ஒரு தடவை எழுதட்டும். ஆனால் அதற்காக இதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றீர்களே, உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு மாற்றம் சேரும்போது எழுதியவர் பெயரோடு, அதைப் பரிசோதித்துச் சரி என்று சொன்னவர் பெயரும் அந்த மாற்றத்திலேயே பதிவாகும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நேர்முகத் தேர்வில் சான்றிதழ் அட்டையைவிட இது பேசும். பெயர் போட்டால் பொறுப்பும் உண்டு. புரியாமல் சரி என்று சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை அவனுக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று. ஏழு கமென்ட் எழுதியிருந்தான். முதல் ஆறும் இடைவெளி, எழுத்துப்பிழை. அந்த 'யூ' கடைசியில், அதுவும் "இது தவறு" என்று ஒரே வரி. படிப்பவர் ஆறாவதிலேயே அலுத்துப்போய் மூடிவிடுவார். பெரியதை முதலில் போடு, எந்த வரி, எந்த முகவரி கொடுத்தால் என்ன தப்பான விடை வரும், எப்படித் திருத்தலாம் என்று நாலு வரியில் எழுது என்றேன். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், மரியாதையாக இருக்க வேண்டும். இலக்கணம் தடுக்கினாலும் கணக்கு சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலை உயர்ந்த சர்வர் எதுவும் வேண்டாம். க்யூஎமு என்ற இலவச மென்பொருளில் சி.எக்ஸ்.எல். கருவியைப் போலியாக உருவாக்கி, வேண்டுமென்றே பிழையைச் செலுத்திப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும், நடக்கும். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் கெர்னல் மென்டார்ஷிப் என்ற பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் பணம் கட்ட வேண்டாம். ஒன்றரை லட்சம் கட்டினால் எம்பெடட் வேலை நிச்சயம் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் மின்விசிறிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்றால் கொளத்தூரில் இருக்கும் முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

நான் அவனுக்குப் போட்ட நிபந்தனை: இருக்கும் ரெண்டு அரியர் அடுத்த செமஸ்டரில் போக வேண்டும், ராத்திரி பன்னிரண்டுக்கு லேப்டாப் மூட வேண்டும். ஒத்துக்கொண்டான். பன்னிரண்டைப் பன்னிரண்டரையாக்கப் பேரம் பேசினான், விட்டுக்கொடுத்தேன்.

வரும் ஞாயிறு பத்து மணிக்கு ரெண்டு பேருமே வாங்க. அவன் திருத்தி எழுதிய கமென்ட்டை எடுத்து வரட்டும். உங்களிடம் பழைய கீமேன் டைரி இருந்தால் அதையும் கொண்டு வாங்க அண்ணே. விரிசலை எப்படி எழுதுவீர்கள் என்று அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.