ஓடிப்போனவருடைய டியூவை நான் கட்டணுமா?

கேள்வி: வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தில் ஆளுக்கு 40,000 ரூபாய் குழுக் கடன் வாங்கினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 980 ரூபாய் டியூ. இதுவரை இருபது டியூ தவறாமல் கட்டியிருக்கிறேன். போன மாதம் எங்களில் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய டியூவுக்காக நாங்கள் நால்வரும் ஆளுக்கு 245 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால்தான் எங்கள் பணத்தையே வாங்குவேன் என்கிறார் வசூலுக்கு வருபவர். ராத்திரி ஒன்பது மணி வரை வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். போலீசில் சொல்லி உள்ளே வைப்பேன் என்றும் மிரட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் போலீஸ் பயத்தை விடுங்கள். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், குற்றம் இல்லை. பொய்யான ஆதாரம் கொடுத்து ஏமாற்றி வாங்கியிருந்தால் வேறு கதை. நீங்கள் இருபது டியூ கட்டியவர். உங்களை யார் உள்ளே வைப்பது?

அடுத்து, அந்த 245 ரூபாய். “ஒரு பைசா கொடுக்காதீர்கள்” என்று நான் சொல்லிவிட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. கடன் ஒப்பந்த நகலோடு என்னிடம் வந்த குழுக் கடன்காரர்களை விரல்விட்டு எண்ணலாம். லோன் கார்டு மட்டும் கையில் இருக்கும், அதுவும் மடித்து மடித்து எழுத்து அழிந்த நிலையில். உங்களிடமும் நகல் இல்லையென்றால் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கிடைத்ததும் இரண்டே விஷயம் தேடுங்கள். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று இருக்கிறதா? அல்லது மற்ற உறுப்பினர்களின் கடனுக்கு உத்தரவாதம், ஜாமீன் என்று இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஓடிப்போனவர் பாக்கியை உங்களிடம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நால்வரில் ஒருவரிடமே முழுதாகவும் கேட்கலாம். கசப்பாக இருந்தாலும் அதுதான் சட்டம். அப்படிக் கட்ட நேர்ந்தால் கட்டிய தொகையை ஓடிப்போனவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒருவரே முழுதும் கட்டியிருந்தால் மற்ற மூவரிடமும் பங்கு கேட்கலாம். அதனால் யார் பேரில் எவ்வளவு கட்டினீர்கள் என்று ரசீதில் தெளிவாக இருக்க வேண்டும்.

அந்த வாசகங்கள் எதுவும் இல்லை, சென்டர் மீட்டிங்கில், அதாவது கடன் குழுக்களைக் கூட்டி நிறுவனம் நடத்தும் கூட்டத்தில், எழுந்து நின்று உறுதிமொழி சொன்னது மட்டும்தான் என்றால், நீங்கள் ஜாமீன் நின்றீர்கள் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. அது அவ்வளவு சுலபம் இல்லை.

சரி, ஒப்பந்தத்தில் எது இருந்தாலும், உங்கள் 980 ரூபாயை வாங்க மாட்டேன் என்பது அநியாயம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். “வாங்காவிட்டால் போ” என்று பணத்தைத் திருப்பி எடுத்து வந்துவிடுகிறார்கள். அப்புறம் அவர்கள் பேரிலேயே பாக்கி ஏறுகிறது, சிபில் மாதிரியான நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் வரலாற்றில் கறை விழுகிறது, அடுத்த கடன் கிடைப்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவுப்படி, முறையாகக் கொடுக்க வந்ததை எதிர்த்தரப்பு வாங்க மறுத்தால், கொடுக்கவில்லை என்ற பழி உங்கள் மேல் விழாது. ஆனால் கொடுக்க வந்ததற்குச் சாட்சி வேண்டும். டியூ தேதியன்றே உங்கள் கடன் கணக்குக்கு யுபிஐ மூலமோ கிளையிலோ கட்டுங்கள். “இது இன்ன எண்ணுள்ள என் கடனுக்கான தவணை மட்டும்” என்று எழுதி அனுப்புங்கள். 59-ஆவது பிரிவு இதற்குத்தான்: எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை அவர்கள் வாங்கிக்கொண்டால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். நீங்கள் கொடுத்த நோட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் எழுத முடியாது.

இனி வாசல்படிக்காரர். அவருக்கும் மேலிடத்து டார்கெட் இருக்கும், பாவம்தான். ஆனால் ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ்) விதிமுறைகள் அவருக்கும் பொருந்தும். வசூல், இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்றே இருக்கும்போது ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்திருப்பதை என்ன சொல்ல! மிரட்டுவது, திட்டுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாமே தடை. ‘உள்ளே வைப்பேன்’ இந்தக் கடைசி வகை. வெளியே போகச் சொல்லியும் போகாமல், மிரட்டலும் தொடர்ந்தால் நீங்களே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இன்னொன்று. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அதே விதிமுறைதான். ஓடிப்போனவருக்கு நான்கைந்து இடத்தில் கடன் இருந்து, அது தெரிந்தும் கொடுத்திருந்தால் தவறு நிறுவனத்துடையதும்கூட. இதை வைத்து உங்கள் பொறுப்பு தானாக நீங்கிவிடாது. ஆனால் அவர் பாக்கிக்குப் பேரம் பேசும்போது பலமான துருப்பு.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நால்வரும் சேர்ந்தே போங்கள். லோன் கார்டையும் ரசீதுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.