வேகக் கணக்கில் பின்தங்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பலர் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்?

நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி என்ற கணக்கு, காரின் ஆற்றலைச் சொல்லுமே தவிர, ஓட்டுபவருக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்பதைச் சொல்லாது. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5 என்ற சிறிய, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், 1.6 லிட்டர் எஞ்சினும் ஏறக்குறைய 115 குதிரைத்திறனும் மட்டுமே கொண்டிருந்தது. ஆனால் அதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, அந்த எடையும் முன் பின் சக்கரங்களுக்கிடையே ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிரப்பட்டிருந்தது. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்து, கியரை ஒன்று குறைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதே முன்சக்கரங்களுக்குச் சாலையில் இன்னும் எவ்வளவு பிடி மிச்சமிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் காரின் முன்பக்கம் வளைவின் உள்புறம் திரும்புவதை இருக்கையில் உட்கார்ந்தபடியே உணரலாம். 500 குதிரைத்திறன் கொண்ட காரில் இதே அனுபவத்தைப் பெற, பொதுச்சாலையில் போகவே கூடாத வேகம் தேவைப்படும்.

2012-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காருக்குச் சற்றே குறுகலான 215 மில்லிமீட்டர் அகல டயர்கள் போதும் என முடிவானதும் இந்தக் கருத்தில்தான்: பிடி அளவோடு இருந்தால், மிதமான வேகத்திலேயே காரின் எல்லையைத் தொட்டு விளையாட முடியும்.

பந்தயத் தடத்தில் நேரத்தைக் குறைப்பதே உங்கள் நோக்கமென்றால் எண்களைப் பாருங்கள். மற்றபடி, வளைவுகள் நிறைந்த சாலையில் ஒருமுறை ஓட்டிப்பார்க்காமல் எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் வாங்காதீர்கள்.