மவுஸ் திக்கினால் முதலில் டாங்கிளைப் பாருங்கள்

சிங்கப்பூர் அலுவலகங்களில் கணினி பழுது பார்ப்பதுதான் 17 வருடமாக என் பிழைப்பு. “ஒயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் தொல்லை இருந்தால் கேளுங்கள்” என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வார்த்தை விட்டேன். சனிக்கிழமை காலை டீ ஆறுவதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே விண்டோஸ் ஓடும் மேசைக் கணினிகளைப் பற்றியவை.

கேள்வி (செங்காங், இரண்டு பிள்ளைகளின் அம்மா): அண்ணா, மகனுடைய கணினியில் மவுஸ் விட்டு விட்டு ஓடுகிறது. மூன்று மாதத்தில் இரண்டு மவுஸ் மாற்றியாகிவிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கில் எதையாவது காப்பி பண்ணும்போது ரொம்ப மோசம். மவுஸோடு வந்த சின்ன யூஎஸ்பி துண்டு இருக்கிறதே, அந்த டாங்கிளைக் கணினிக்குப் பின்னால், ஹார்டு டிஸ்க் ஒயருக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, தங்கச்சி. மூன்றாவது மவுஸ் வாங்கிவிடாதீர்கள்.

யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்புகிறது. அப்படி ஓடும்போது போர்ட் (செருகுவாய்), ஒயர், ஹார்டு டிஸ்க்கின் கூடு என்று எல்லா இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கமும் பரவிக் கிடக்கும். உங்கள் மவுஸும் டாங்கிளும் பேசிக்கொள்வது அதே இடத்தில்தான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸ் அனுப்பும் சிக்னல் மெல்லியது, ஒரு சின்ன பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன்கடை ஓரமாக நிற்கும்போது, பத்துக் கடை தள்ளி ஒருவர் மெதுவாகக் கூப்பிட்டால் எவ்வளவு கேட்கும்? உங்கள் டாங்கிள் நிற்கும் இடம் அதுதான்.

அதோடு கணினியின் கூடு இரும்பு. பின்னால் செருகினால் அந்த இரும்பே சுவர் மாதிரி குறுக்கே நிற்கிறது.

ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்குங்கள், சில வெள்ளிதான். 2.0 வகையே போதும். ஒரு முனையை ஹார்டு டிஸ்க்கிலிருந்து தள்ளி இருக்கும் கறுப்பு நிற 2.0 போர்ட்டில் செருகி, டாங்கிளை மேசைமேல் மவுஸுக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். ஒயர் இல்லாத மவுஸுக்கு ஒயர் போடச் சொல்கிறானே என்று மகன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

இதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கூட்ட அறைக் கணினியைச் சுவரோர அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். சில கூட்டங்களில் மவுஸ் செத்துவிடும், சிலவற்றில் பிரமாதமாக ஓடும். டிரைவர் மென்பொருளை மாற்றினேன், மவுஸை மாற்றினேன், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், அலமாரிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால்தான் கோளாறு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக விழுங்கும். டாங்கிளை ஒயர் போட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன், தீர்ந்தது.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட், பாலிடெக்னிக் மாணவர்): சிம் லிம்மில் பாகங்கள் வாங்கி நானே கணினி பூட்டினேன். மதர்போர்டிலேயே புளூடூத் இருக்கிறது. ஆனால் கீபோர்டை அரை மீட்டர் தள்ளி வைத்தாலே எழுத்து விட்டுப்போகிறது.

பதில்: தம்பி, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? அதில் வைஃபை ஆன்டெனா இருக்கும். பின்பக்கம் இருக்கும் இரண்டு தங்க நிறத் திருகுவாய்கள் அதற்குத்தான். நான் ஒயர் இன்டர்நெட் போட்டிருக்கிறேன், ஆன்டெனா எதற்கு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த போர்டுகளில் வைஃபை, புளூடூத் இரண்டும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. திருகிவிட்டு, ஆன்டெனாவைக் கணினிக்குப் பின்னால் தொங்கவிடாமல் மேலே வை.

கேள்வி (ஈசூன், ஓய்வுபெற்ற ஆசிரியர்): கீபோர்டில் தட்டினால் எழுத்து வருவதில்லை. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் வருகிறது. பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இன்னொன்று, சில நாள் ஆங்கிலம் அடித்தால் தமிழ் வருகிறது.

பதில்: ஐயா, உங்கள் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒரு வசதி உண்டு. கை நடுங்குபவர்கள் தெரியாமல் தட்டுவதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க வைத்தது. வலப்பக்க ஷிஃப்டை 8 வினாடி அழுத்தியே இருந்தால் அது வந்து நிற்கும். யோசித்துக்கொண்டே கையை அங்கே ஊன்றியிருப்பீர்கள். திரையில் ஏதோ கேட்டிருக்கும், நீங்களும் என்டரைத் தட்டியிருப்பீர்கள். மறுபடி அதே ஷிஃப்டை 8 வினாடி பிடித்தால் போய்விடும். திரும்ப வரவே கூடாது என்றால் செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி, கீபோர்டு என்று போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைச் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். தெரியாமல் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலம் அடித்தால் தமிழ் வருகிறதே என்று நீங்கள் வருத்தப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. கணினியில் தமிழ் வராதா என்று எல்லாரும் ஏங்கிய காலத்தில், 1997ல், தமிழ்நெட் 97 மாநாடு நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. நீங்கள் அப்போது வகுப்பில் இருந்திருப்பீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ், வீட்டிலிருந்து வேலை செய்பவர்): மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கணினி விழிக்கிறது, மவுஸ் விழிப்பதில்லை. டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால்தான் வேலை செய்கிறது.

பதில்: மின்சாரம் மிச்சம் பண்ணுகிறேன் என்று விண்டோஸ் அந்த போர்ட்டைத் தூங்க வைக்கிறது. சில டாங்கிள்கள் அதன் பிறகு எழுந்திருக்கத் தெரியாமல் திணறும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூனிவர்சல் சீரியல் பஸ் பகுதியில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பவர் பிளானில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் தெரிந்தால் அதையும் அணையுங்கள். கரண்ட் பில் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டேன், சரியாகவில்லை” என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்தே தொடங்கும். பழைய கோளாறும் கூடவே எழுந்து வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

கேள்வி (தெம்பனிஸ்): வீடு மாறும்போது டாங்கிள் தொலைந்துவிட்டது அண்ணே. அதை மட்டும் தனியாக வாங்கலாமா?

பதில்: பிராண்டைப் பொறுத்தது. லாஜிடெக் என்றால் கீபோர்டின் அடியில் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஆறு முனைச் சின்னம் இருந்தால் அது யூனிஃபையிங் வகை. அந்த டாங்கிள் எது கிடைத்தாலும் அவர்களுடைய மென்பொருளை வைத்து இணைக்கலாம், ஒரே டாங்கிளில் ஆறு கருவி வரை. 2021ல் வந்தது போல்ட் வகை. அதற்கு போல்ட் டாங்கிள்தான் வேண்டும், யூனிஃபையிங்கோடு ஒட்டாது. இணைப்பதற்கு மட்டும் வேறொரு மவுஸை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து இருபது வெள்ளிக்கு வாங்கிய செட் என்றால் பெரும்பாலும் அந்த ஜோடி பிரிந்தால் பிரிந்ததுதான். பழைய மவுஸை வைத்துக் காத்திருக்காதீர்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால் மவுஸின் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே டாங்கிளுக்கு ஒரு பொந்து இருக்கும். யாரோ பத்திரமாக வைத்திருக்கலாம்.

கேள்வி (ஹவ்காங்): நேற்றுவரை இருந்த புளூடூத் செட்டிங்ஸிலேயே காணோம். பட்டனே இல்லை!

பதில்: கணினியை அணைத்து, பின்னாலிருக்கும் பவர் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றியபடியே பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மறுபடி ஒயரைச் செருகி ஆன் பண்ணுங்கள். சிக்கிக்கொண்ட புளூடூத் சிப் பல நேரம் இதிலேயே தெளிந்துவிடும். அப்படியும் வராவிட்டால் மதர்போர்டு கம்பெனியின் பக்கத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள்தான் இது நடந்தது என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரைப் பழையதற்குத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி (பொங்கோல்): கண்ணாடி மேசையில் மவுஸ் குதிக்கிறது. கனெக்‌ஷன் பிரச்சினையா?

பதில்: இல்லை. அடியில் ஒரு காகிதம் வையுங்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): ரீசார்ஜ் பேட்டரி போட்டால் பேட்டரி குறைவு என்று உடனே காட்டுகிறது. பழைய கீபோர்டில் பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதையும் காப்பாற்ற முடியுமா?

பதில்: சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட். அல்கலைன் தீரும்போது மெல்ல இறங்கி 1.2க்கு வரும். அதைப் பார்த்துப் பழகிய கீபோர்டு, புது ரீசார்ஜ் பேட்டரியைப் பார்த்ததும் தீரப்போகிறது என்று நினைத்துவிடுகிறது. ஓடுவது ஓடும்.

வெள்ளைப் பூச்சைக் கையால் தொடாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு அந்தத் தகடுகளைத் துடையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. கசிந்தது அல்கலி என்கிற காரம், புளிப்பு அதை முறிக்கும். பிறகு ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். தகடு அரித்து ஓட்டையாகியிருந்தால் ஆசையை விட்டுவிடலாம். ஒழுகிய பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒழுகாத பழைய பேட்டரிகளுக்குத்தான் கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுப் பெட்டி.

கேள்வி (அங் மோ கியோ): ஒயர்லெஸ் கீபோர்டில் அடிக்கும் பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துவிட முடியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எல்லா கீபோர்டிலும் முடியாது, ஆனால் வெறும் புரளியும் இல்லை. 2016ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகளை வெளியிட்டது. மவுஸ்ஜாக் என்பது, மவுஸ் டாங்கிள் வழியாக வெளியாள் உங்கள் கணினிக்குள் விசைகளைத் தட்டுவது. கீஸ்னிஃபர் என்பது, தகவலை மறையாக்கம் பண்ணாமல் அப்படியே அனுப்பும் விலை குறைந்த கீபோர்டுகளை ஒட்டுக்கேட்பது. முதலாவதை 100 மீட்டர் தூரத்திலிருந்தே செய்யலாம் என்றார்கள். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் 100 மீட்டருக்குள் எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல கம்பெனிகள் டாங்கிளுக்கு அப்டேட் கொடுத்தன, போட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பழைய கீபோர்டில் வங்கி வேலை வேண்டாம் என்பேன். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மானிட்டரில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டுச் சீட்டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (காலாங்): புளூடூத் கீபோர்டு விண்டோஸில் ஓடுகிறது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் ஓடவில்லை.

பதில்: விண்டோஸ் ஏறிய பிறகுதான் பெரும்பாலான கணினிகளில் புளூடூத் உயிர் பெறும். டாங்கிள் வைத்த கீபோர்டு சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகத் தெரியும் என்பதால் பயாஸிலும் ஓடும். ஒரு பழைய ஒயர் கீபோர்டைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வையுங்கள். என் வீட்டில் இரண்டு இருக்கிறது.

மறுபடியும் செங்காங் அம்மா: அண்ணா, ஒயர் வாங்கி டாங்கிளை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டோம். பகலெல்லாம் அருமை. ஆனால் ராத்திரி ஏழு, ஏழரைக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிடம் திக்குகிறது. பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு வைஃபையா?

பதில்: பக்கத்து வீட்டு வைஃபை என்றால் இரண்டு நிமிடத்தில் விடாது, பத்து மணிவரை படுத்தும். ரவுட்டர் அந்த மேசைமேலேயே இருந்தால் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். அதுவும் நல்லதுதான்.

ஆனால் எனக்கு வேறு சந்தேகம். மகனின் மேசை சமையலறைச் சுவரை ஒட்டி இருக்கிறதா? அந்த நேரத்தில் மைக்ரோவேவில் சாப்பாடு சூடு பண்ணுவீர்களா? அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, கதவு இடுக்கில் துளி கசிந்தாலும் மவுஸுக்கு அது பெரிய சத்தம். இன்று மதியமே சோதித்துப் பாருங்கள். உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், வெறுமனே ஓட்டக் கூடாது. மகனை மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். திக்கினால் மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.